தூசிக்கு முன்னால் ஓர் இடம்

ரூலன் டோல்மனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமைச் சபையில் பிரசங்கம் முடிவதற்குள் இரண்டு தடவை எழுந்து வெளியே போவார். முதல் தடவை, ஜீப்பின் விளக்கை அணைத்தோமா என்று பார்க்க. இரண்டாம் தடவை, முதல் தடவை சரியாகப் பார்த்தோமா என்று பார்க்க. பண்ணை வீடுகளுக்கு எரிவாயு நிரப்பும் லாரியை மாவட்டம் முழுக்க ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது கம்பெனி வைத்த பெயர். அவருக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. பக்கத்து வீட்டு வேலியைக் கேட்காமலே சரிசெய்வார். சரிசெய்த வேலி பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்று வருத்தமும் படுவார். அவரோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் நமக்குக் கால் வலிக்கும்.

இப்படிப்பட்ட மனிதர்தான் எங்கள் ஜீப் சங்கத்தின் கடைசி வண்டி.

தெற்கு யூட்டாவில், சிவப்புப் பாறைகளுக்கு நடுவே வாழ்கிற எங்களுக்கு, கடைசி வண்டி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளத்தாக்குக்குள் வரிசையாகப் போகும்போது முன்னால் ஒருவர் வழி காட்டிப் போவார், பின்னால் ஒருவர் யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டு வருவார். பின்னால் வருகிறவரிடம்தான் இழுவைக் கயிறு, மண்வெட்டி, உபரித் தண்ணீர், உபரிப் பொறுமை எல்லாம் இருக்க வேண்டும். ரூலனிடம் முதல் மூன்றும் இருந்தன. நான்காவதை எங்கே கடன் வாங்கினார் என்று தெரியாது. ஆனால் வருடத்தில் பயணம் போகும் அந்த ஒரு நாள் மட்டும் வைத்திருந்தார்.

ஆரம்பத்தில் அவர் முன்னால்தான் போனார். சங்கம் தொடங்கிய முதல் வருடம், வழிகாட்ட ஒப்புக்கொண்டவர், வழியை மட்டும் காட்டிவிட்டு ஆட்களை விட்டுவிட்டார். மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்து, மனைவி மார்வாவோடு சாப்பிட்டு முடித்து, இவ்வளவு நேரமாக ஏன் ஒருவரும் வரவில்லை என்று எங்கள் மேல் கோபமாக இருந்தார். நாங்களோ அச்சு முறிந்த ஒரு வண்டியைச் சுற்றி, பள்ளத்தாக்கின் நடுவில் நின்றிருந்தோம். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கி அவரைக் கடைசியில் போட்டார்கள். தண்டனையாகக் கொடுத்தது நாளடைவில் பதவியாகிவிட்டது. மண்ணில் புதைந்த வண்டியைத் தூக்குவதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை, ஏனென்றால் சும்மா நிற்கிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

முன் வண்டி அன்றிலிருந்து டிலாய் பேக்லிக்குப் போனது. டிலாய் நெடுஞ்சாலைத் துறையில் முப்பது வருடம் சாலை போட்டவர். இப்போது சாலை இல்லாத இடத்தில்தான் அவருக்கு நிம்மதி. ரூலனும் அவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அதாவது டிலாய் பெஞ்சில் இருந்தார், ரூலன் அதன் அக்கம்பக்கத்தில் இருந்தார்.

இனி தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் ஜீப் பயணம் என்றால் பாறை, சரிவு, சாகசம் என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு அது தூசி. முன்னால் போகிறவருக்கு முகம் சுத்தமாக இருக்கும். இரண்டாவது வண்டிக்குக் கொஞ்சம் ஒட்டும். அப்படியே படிப்படியாகக் கூடி, கடைசி வண்டிக்கு முன்னால் போன அத்தனை பேரும் கிளப்பிய மாவட்ட மண் முழுவதும் வந்து சேரும். அதனால் பயணத் திட்டம் என்பது வழியைத் தீர்மானிப்பதல்ல. வழி தானாகவே தீர்மானமாகிவிடும். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, வேறு எங்கே போவது. யார் பின்னால் யார் என்பதுதான் திட்டம். கல்யாணப் பந்தியில் ஆள் உட்கார வைப்பது போன்ற காரியம் அது. விவாகரத்தான இருவரை அடுத்தடுத்து விடக்கூடாது. சொந்தக்காரரின் தூசியைச் சொந்தக்காரர் தின்றால் நவம்பரில் வரும் நன்றி தெரிவிக்கும் விருந்து வரை பேச்சு நீளும். சுதந்திரமாகச் சுற்றப் பாலைவனத்துக்குப் போகிறவர்கள், போவதற்கு முன் மூன்று கூட்டம் போடுகிறோம்.

நான் சொல்லும் வருடம், ஆகஸ்டில், மார்வாவை ரூலன் பெரிய நகரத்து மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்தார். நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது என்றார்கள். மருந்து உண்டு, ஆனால் தூசி மட்டும் கூடாது. அதுவும் இந்தச் செம்மண் தூசி கூடவே கூடாது. அத்தனை வருடமாக, கதவில்லாத, துணிக்கூரை போட்ட பழைய ஜீப்பில், கணவர் பக்கத்தில், ஊர்த் தூசி முழுவதையும் தின்றுகொண்டு வந்தவர் மார்வா. ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை.

வீட்டுக்கு வரும் வழியிலேயே மார்வா சட்டம் போட்டுவிட்டாராம். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. எங்கள் ஊரில் ஒருவருக்கு நோய் என்று ஒருவருக்குத் தெரிந்தால், சாயங்காலத்துக்குள் சபைப் பெண்கள் பாத்திரங்களோடு வந்துவிடுவார்கள். உருளைக்கிழங்கைச் சீவி, சீஸ் போட்டு, மேலே சோள அவலை நொறுக்கித் தூவி, அடுப்பில் வேகவைத்த பதார்த்தம். துக்க வீட்டுக்குப் போவதும் அதே பாத்திரம்தான், அதே ருசிதான்.

"அந்த உருளைக்கிழங்கு வாசப்படி ஏறுச்சுன்னா நான் பாதி செத்துட்டேன்னு அர்த்தம். மீதிப் பாதியை அவங்களே பேசிப் பேசி முடிச்சிருவாங்க" என்றார் மார்வா.

"அப்போ அக்டோபர் பயணம்?" என்று ரூலன் கேட்டிருக்கிறார்.

"வருவேன். வரலன்னா ஏன் வரலன்னு கேப்பாங்க. அதுக்குப் பதில் சொல்றதுக்கு வர்றதே மேல்."

முகக்கவசம் போட்டுக்கொண்டாலும் கேட்பார்கள். கண்ணாடி ஏற்றிய புது வண்டி வாங்கினால், எதற்கு என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். ஆக, மிச்சமிருந்தது ஒரே வழி. தூசி இல்லாத இடம் ஊர்வலத்தில் ஒன்றே ஒன்றுதான். அதில் டிலாய் பேக்லி தன் இரண்டு நாய்களோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் கூட்டம் டிலாயின் கொட்டகையில். சபை விதிப்படி காபி குடிக்காத ஊர் எங்களுடையது. அந்தக் குறையைத் தீர்க்க, ஐஸ் நிரம்பிய சோடாவில் தேங்காய்ப் பாகும் எலுமிச்சையும் ஊற்றிக் குடித்து, காபிக்காரர்களைவிட மோசமாக விழித்திருப்போம். இந்த வருடம் நொண்டிக் குதிரைப் பள்ளத்தாக்கு என்று உடனே முடிவாகிவிட்டது. பிறகு வரிசை. முதலில் டிலாய் என்று வழக்கம்போல் டிலாயே சொல்லத் தொடங்கினார்.

நின்றுகொண்டிருந்த ரூலன், "இந்த வருஷம் நான் முன்னாடி போறேன்" என்றார்.

சோடாவில் ஐஸ் உடையும் சத்தம் கேட்டது. டிலாய் தன் நாயைத் தடவியபடியே, "முன்னாடின்னா, எங்களுக்கு முன்னாடியா, இல்ல நாங்க கிளம்புறதுக்கு முன்னாடியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ரூலனும் சிரித்தார். ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை, அதாவது கோரிக்கையைவிட்டு. கால்கள் கொட்டகை முழுக்க நகர்ந்துகொண்டுதான் இருந்தன.

ஏன் என்று கேட்டோம். சும்மாதான் என்றார். எங்கள் ஊரில் சும்மாதான் என்பது பதிலல்ல, அழைப்பு. அடுத்த ஒரு வாரம் நெட்ராவின் கடையில் முடி வெட்டிக்கொள்ளப் போன ஒவ்வொருவரும் ஒரு காரணத்தோடு திரும்பினார்கள். நெட்ரா சோரன்சன் ஊரின் அழகு நிலையத்தையும், சபைப் பெண்களின் உணவு ஏற்பாட்டையும் சேர்த்தே நடத்துபவர். அதனால் ஊரில் ஒருவர் தலையும் வயிறும் அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அறுபத்தெட்டு வயதில் சில ஆண்களுக்கு இப்படி ஒரு வேகம் வரும் என்றார் ஒருவர். டிலாயின் பதவிமேல் கண் என்றார் இன்னொருவர். பதவி என்றால் சம்பளமில்லாத, தொப்பிகூட இல்லாத பதவி. அதற்காகவே அது பெரிய பதவி.

ரூலன் வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்டார். அதுவே அவருக்கு எதிராக வேலை செய்தது. என் வீட்டுக்கும் வந்தார். வரிசையில் எனக்கு நடு இடம். கௌரவமும் இல்லை, கவலையும் இல்லை. வந்தவர் வாசற்கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார், சமையலறைக் குழாயை இறுக்கினார், நான் சம்மதம் என்று சொல்வதற்குள் கிளம்பியும் போய்விட்டார். அவருக்காக நான் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கடைசியில் டிலாய் ஒரு நிபந்தனை போட்டார். வழிகாட்டுகிறவர் பயணத்துக்கு முந்தின வாரம் பாதையை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி; வெள்ளம் பாறையைப் புரட்டிப் போட்டிருக்கலாம். அந்த ஓட்டத்தை ரூலன் செய்யட்டும், நான் பக்கத்தில் உட்காருகிறேன், பின்னால் ஒரு வண்டி வரட்டும் என்றார். பின் வண்டி ஒரு கணம் கண்ணாடியிலிருந்து மறைந்தாலும் பேச்சு முடிந்தது.

பின் வண்டி நான். டிலாயின் நாய்கள் என்னோடு. பாதை தொடங்குமிடத்தில் டயர்களில் காற்றைக் குறைத்தோம்; டயர் தளர்ந்தால்தான் பாறையைப் பிடிக்கும். ரூலன் தன் டயர்களை முடித்து, என் டயர்களையும் முடித்து, சாமான்களைக் கட்டி நான் போட்டிருந்த முடிச்சையும் அவிழ்த்து வேறு முடிச்சுப் போட்டார். பிறகு கிளம்பினோம்.

அந்த மனிதர் அன்று ஓட்டியதை நான் மறக்க முடியாது. சவ ஊர்வலம்கூட எங்களைத் தாண்டிப் போயிருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார், நான் திரும்பியதைப் பார்த்தபின் நகர்ந்தார். மணலாற்றில் நின்றார். நிழலில் நின்றார். நிற்பதற்கு எந்தக் காரணமும் இல்லாத இடத்திலும் நின்றார். வண்டியின் பக்கவாட்டில் அவருடைய இடது கால் மட்டும் வெளியே தொங்கி ஆடிக்கொண்டே இருந்தது; உடம்பில் அது ஒன்றுக்குத்தான் அன்று விடுமுறை.

பள்ளத்தாக்கின் முடிவில் படி போல ஒரு பாறை ஏற்றம் உண்டு. அதை ஏறி மேலே நிறுத்தியதும் டிலாய் பேச்சை எடுத்தாராம். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

"டேய், நேர்மையா சொல்லு. எதுக்குடா இது?"

ரூலன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தார். "இந்த வருஷம் விட்டா, அடுத்த வருஷம் இருக்குமோ இருக்காதோ. அதுக்கு மேல கேக்காதடா. நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

டிலாய் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை என்று அவருக்குப் பட்டது. பெஞ்சில் உட்காராத பையன், ஆயுளில் முதல்முறையாக மெதுவாக ஓட்டியிருக்கிறான். கண் வேறு கலங்கியிருக்கிறது. ரூலன் சாகப்போகிறான் என்று டிலாய் முடிவுகட்டினார். மருத்துவர்களுக்கு ரத்தம், படம், பரிசோதனை எல்லாம் வேண்டும். எங்களுக்கு ஒருவர் வண்டி ஓட்டுகிற விதம் போதும்.

டிலாய் அதை மனைவியைத் தவிர ஒருவரிடமும் சொல்லவில்லை. மனைவிக்கு மறுநாள் நெட்ராவின் கடையில் முடி வெட்ட நேரம் குறித்திருந்தது.

வியாழக்கிழமை மாலை நெட்ரா இரண்டு கைகளிலும் துணி சுற்றிய பாத்திரத்தோடு டோல்மன் வீட்டு வாசலில் நின்றார். கதவைத் திறந்த மார்வாவுக்கு, அந்தப் பாத்திரத்தைப் பார்த்ததும் முகத்தில் ரத்தமே இல்லை.

"எனக்கு எல்லாம் தெரியும் மார்வா. ஒளிச்சு வைக்காத" என்றார் நெட்ரா.

மார்வா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். 

"ரூலனுக்கு எவ்வளவு நாளா இப்படி?"

மார்வா நீண்ட மூச்சு ஒன்றை, அவரால் முடிந்த அளவுக்கு நீண்ட மூச்சு ஒன்றை, விட்டார். சபையில் பொய்யே சொல்லாதவர் என்று பெயரெடுத்த பெண் அவர். அன்றும் சொல்லவில்லை.

"கல்யாணமான நாள்லேர்ந்தே அப்படித்தான்" என்றார். "ஓர் இடத்துல உக்கார மாட்டேங்கிறார்."

நெட்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் நோயாளி கூரைமேல் ஏறி ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார். நெட்ரா கீழே நின்று, "சகோதரர் டோல்மன், தயவுசெஞ்சு எறங்கி வாங்க, எதுவானாலும் பேசிக்கலாம்" என்று கெஞ்சியதைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு ஏதோ நினைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

அடுத்த நாட்கள் ரூலனுக்கு உண்மையான நோயாகவே இருந்தன. எங்கே போனாலும் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். இரும்புக் கடையில் அவர் கையிலிருந்த ஆணிப் பொட்டலத்தைப் பறித்து ஒருவர் சுமந்து வந்தார். சபையில் பிரசங்கத்தின் நடுவே எழுந்தபோது இரண்டு பேர் கையைப் பிடித்துத் திரும்ப உட்கார வைத்தார்கள். வெளியே விளக்கு எரிகிறதா என்பது அன்று தெரியாமலே போயிற்று. வீட்டில் உருளைக்கிழங்குப் பாத்திரங்கள் சேர்ந்தன. மார்வா அமைதியாகச் சாப்பிட்டார். தன் பேர் எழுதாத பாத்திரம் ருசியாகத்தான் இருக்கிறது என்றாராம்.

ரூலன் மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். "ஊரே என்னைப் பாத்து அழுவுது. எனக்குக் கூச்சமா இருக்கு. சொல்லித் தொலைச்சிரலாமா?"

"முன் வண்டி கெடைக்கிற வரைக்கும் பொறுத்துக்க. நீ சாவுறதுல யாருக்கும் நஷ்டமில்ல."

முன் வண்டி கிடைக்கும் என்றுதான் இருவரும் நம்பினார்கள். கடைசிக் கூட்டத்தில் கிடைக்கவும் செய்தது. டிலாய் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, நண்பனின் ஆசையைச் சங்கம் நிறைவேற்றும் என்று அறிவித்தார். ஆனால் இந்த நிலையில் அவர் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. டிலாயின் வண்டியில், டிலாய் பக்கத்தில், நாய்களின் இடத்தில் ரூலன் உட்கார்ந்து வரட்டும். ரூலனின் ஜீப் கடைசியிலேயே இருக்கட்டும். கருவிகளெல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதை ஓட்டத் தகுதியான ஆள் ஊரில் ஒருவர்தான் உண்டு. இத்தனை வருடம் அதே வண்டியில், அதே இடத்தில் உட்கார்ந்து வந்தவர், கணவர் செய்ததையெல்லாம் பார்த்தவர்.

"கடைசி வண்டிய மார்வா ஓட்டட்டும்" என்றார் டிலாய். "அவளுக்கு நாம செய்யற மரியாதை இது."

எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். ரூலன் எழுந்தார். நாற்காலியோடு மூன்று பேர் ஓடினார்கள்.

அன்று வீட்டில் நடந்ததை மார்வாவே பிற்பாடு சொன்னார். ரூலன் முற்றத்தில் நடந்து நடந்து புல் தேய்ந்ததாம். இப்போதாவது சொல்லிவிடுவோம் என்று கெஞ்சினார். மார்வா மசியவில்லை. கழுத்துத் துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்கிறேன், ஒரு நாள்தானே, இத்தனை வருடம் தின்றதோடு இதுவும் போகட்டும் என்றார். இந்த வருடம் போகவே வேண்டாம் என்று ரூலன் சொன்னதற்கு, "நீ சாகக் கெடக்கிற, நாம போகலன்னா நெட்ரா வீட்டுக்குள்ளயே வந்து படுத்துக்குவா" என்று பதில் வந்தது. ரூலன் கொடுத்த வாக்கை நினைவூட்டிவிட்டு மார்வா தூங்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை பாதை தொடங்குமிடத்தில் எல்லா வண்டிகளும் வந்து நின்றன. காற்றே இல்லை. வழக்கமாக நாங்கள் வேண்டுவது அதுதான். ஆனால் காற்றில்லாத நாளில் கிளம்பிய தூசி போக இடம் தெரியாமல் பள்ளத்தாக்கிலேயே நிற்கும். டயர்களில் காற்று இறங்கும் சீறல் நாலாபக்கமும். மார்வா ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ரூலனை டிலாயின் வண்டியில் ஏற்றி, மடியில் போர்வை போட்டு, பெல்ட்டையும் மாட்டிவிட்டிருந்தார்கள். அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்புமுன் ஜெபம் செய்வது எங்கள் வழக்கம். தொப்பிகளைக் கழற்றி, கைகட்டி, தலைகுனிந்து வட்டமாக நின்றோம். ரூலனையும் இறக்கிக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். டிலாய் சாதாரணமாகச் சுருக்கமாக முடிப்பவர். வண்டிகள் உடையாமல் இருக்கட்டும், எல்லோரும் வீடு திரும்பட்டும், ஆமென். அன்று விட மனமில்லை. பள்ளிப் பெஞ்சில் தொடங்கினார். எரிவாயு லாரி, தூக்கிவிட்ட வண்டிகள் என்று வந்தார். பிறகு, எங்கள் சகோதரன் ரூலனின் உடம்பில் இருக்கும் நோயை நீர் அறிவீர், அவனுடைய மூச்சை அவனுக்குத் திருப்பித் தாரும் என்று கேட்கத் தொடங்கினார்.

"நிறுத்துடா."

தலைகள் நிமிர்ந்தன. ஜெபத்தின் நடுவே எங்கள் ஊரில் குழந்தைகூடத் தும்மாது.

ரூலன் போர்வையைக் கீழே போட்டிருந்தார். "ஆண்டவர்கிட்ட போய்த் தப்பான ஆளுக்குக் கேட்டுக்கிட்டு இருக்க. அது எங்கயாவது தப்பான எடத்துல போய்ச் சேர்ந்துடும். நிறுத்து."

"தப்பான ஆளா?" என்றார் டிலாய்.

ரூலனுக்கு வாக்கு வாக்குதான். அவர் தரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தன் தொப்பியைப் பார்த்தார். கடைசி ஜீப்பின் பக்கம் மட்டும் பார்க்கவே இல்லை. அதனாலேயே நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தோம்.

மார்வா மெதுவாக வட்டத்துக்கு வந்தார். "எனக்குத்தான்" என்றார். "நுரையீரல். தூசி ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்குத்தான் இந்த மனுஷன் முன் வண்டிக்கு அலைஞ்சது. வேற ஒண்ணுமில்ல. இப்போ யாரும் அழக்கூடாது. அழுறவங்க என் பின்னாடி வரக்கூடாது."

நெட்ரா அழுதார். ஆனால் கைக்குட்டையை விரிக்காமல் அழுதார், கணக்கில் வராத மாதிரி.

டிலாய் இன்னும் தன் சொந்த மருத்துவ முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. "அப்போ அன்னிக்கு ஏன்டா அவ்வளவு மெதுவா ஓட்டின?"

"நீதானடா மெதுவா ஓட்டச் சொன்ன."

"நான் சொல்லி நீ எப்போடா கேட்டிருக்க?"

 டிலாய் மறுபடி தொப்பியைக் கழற்றினார். நாங்கள் மறுபடி தலைகுனிந்தோம். விட்ட இடத்திலிருந்து தொடங்கி, பெயரை மட்டும் மாற்றி, ஜெபத்தை முடித்தார். பெஞ்சு விஷயம் அப்படியே மார்வாவின் கணக்கில் இருந்துவிட்டது, யாரும் திருத்தவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, ஏனென்றால் ரூலனை யாரும் உட்காரச் சொல்லவில்லை. இழுவைக் கயிறும் மண்வெட்டியும் தண்ணீர்க் கேன்களும் ஜீப்பிலிருந்து டிலாயின் வண்டிக்கு மாறின. நாய்கள் தங்கள் இடத்துக்கு வந்தன. மார்வா பக்கத்து இருக்கைக்கு மாற, ரூலன் ஜீப்பை வரிசையின் முன்னால் கொண்டுபோனார். டிலாய் வாழ்க்கையில் முதல்முறையாக வண்டியைத் திருப்பி வரிசையின் கடைசிக்குப் போனார். போகும்போது என் வண்டி அருகில் நிறுத்தி, "இங்க எல்லாம் எப்படி மூச்சு விடறீங்க?" என்று கேட்டார். பழகிடும் என்றேன்.

அன்று ரூலன் ஒழுங்காகவே ஓட்டினார், அதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்று தெரியவில்லை. நடு வரிசையிலிருந்து எனக்கு அந்த ஜீப் நேரான இடங்களில் மட்டும் தெரியும். தெரிந்தபோதெல்லாம் ஒரே காட்சி. நொண்டிக் குதிரைப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு தூசி, ஒரு வண்டி மறைக்காமல் மார்வாவுக்கு முன்னால் திறந்து கிடந்தது. எத்தனையோ வருடம் அடுத்தவர் பின்பக்கத்தையே பார்த்து வந்தவர் அதை ஒருமுறையும் பார்க்கவில்லை. இருக்கையில் முழங்காலிட்டு, பின்பக்கம் திரும்பி, துணிக்கூரையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து வந்தார். எந்த வண்டி வருகிறது, எது பின்தங்குகிறது, நெட்ரா யாரோடு பேசுகிறார் என்று வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவில் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார்.

"முன்னாடி பாரு மார்வா" என்று ரூலன் சொல்வது மார்வா அழுத்திப் பிடித்திருந்த ரேடியோவில் எங்களுக்கும் கேட்டது. "உனக்காகத்தான் இவ்வளவும்."

"முன்னாடி என்ன இருக்கு?" என்றார் மார்வா. "பாறை."

பாறைப் படியில் ஏறியதும் ரூலன் தூரத்தில், தூசி எட்டாத மேட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். மார்வா இறங்கி, நடந்து திரும்ப வந்து படியின் விளிம்பில் நின்றார். ஒவ்வொரு வண்டியாக உறுமி ஏறியது. ஏறும் இடத்தில்தான் தூசி மிக அதிகம். ரூலன் பத்தடிக்குப் பின்னால் நின்று, போதும் வா, போதும் வா என்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். மார்வா துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு, ஒரு கையை மட்டும் அவரை நோக்கி நீட்டி, பொறு என்று காட்டினார். கடைசி வண்டியில் வரும் டிலாய் இன்னும் வந்து சேரவில்லை.